ஹெங்குர்ட், எல்ஸ்மியர் சுவடிகள்: இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதை எழுத்து வடிவங்களால் எப்படி உறுதி செய்வது?

கேள்வி

வணக்கம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இரண்டு சுவடிகளின் எண்மப் படங்களைச் சில மாதங்களாகப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். ஒன்று வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்குர்ட் சுவடி. மற்றது கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள எல்ஸ்மியர் சுவடி. இரண்டும் 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் எழுதப்பட்டவை என்றும், இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்றும் படித்தேன். 1978இல் டாயில், பார்க்ஸ் என்னும் இரு அறிஞர்கள் அந்த எழுத்தருக்கு 'பி எழுத்தர்' என்று அடையாளப் பெயர் இட்டதையும், 2004இல் லின் மூனி என்னும் ஆய்வாளர் அவரை ஆடம் பிங்க்ஹர்ஸ்ட் என்று அறிவித்ததையும் அறிவேன்.

என் இடர்ப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்கும்போது இரண்டும் ஒரே கையாக எனக்குத் தோன்றவில்லை. எல்ஸ்மியர் பெரிய அளவிலான, பொன்வேலைப்பாடும் பயணிகளின் உருவங்களும் கொண்ட நூல்; அதில் எழுத்து பெரிதாகவும் நிதானமாகவும் நிற்கிறது. ஹெங்குர்ட் எளிய நூல். ஓரங்களை எலி கடித்திருக்கிறது. எழுத்து நெருக்கமாகவும் சற்று விரைவாகவும் ஓடுகிறது. போதாக்குறைக்கு எழுத்துக்கூட்டலும் மாறுகிறது. முதல் வரியிலேயே ஹெங்குர்ட் ஏப்ரல் மாதத்தை 'ஆவெரில்' என்று எழுத, எல்ஸ்மியர் 'அப்ரில்லெ' என்று எழுதுகிறது. 'அவனது' என்னும் பொருள் தரும் 'ஹிஸ்' என்ற சொல்லின் கடைசியில் எல்ஸ்மியர் ஓர் 'இ' எழுத்தைக் கூட்டுகிறது. எந்த எழுத்துகளை, எந்த முறையில் பார்த்து இரண்டும் ஒரே கை என்று சொல்கிறார்கள்? ஒரு சாதாரண வாசகர் அதைத் தாமே சரிபார்க்க வழி உண்டா?

மறுமொழி 1

உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. அதே ஐயத்தை ஓர் அறிஞர் 1982இல் முழுக் கட்டுரையாகவே எழுதினார். வான்ஸ் ராம்சே என்பவர், இரு சுவடிகளின் எழுத்துக்கூட்டலிலும் சிறுசிறு எழுதும் பழக்கங்களிலும் உள்ள வேறுபாடுகளைக் கணக்கிட்டு, இவை இரு வேறு எழுத்தர்களின் வேலை என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே எம். எல். சாமுவேல்ஸ் அதற்கு விடை எழுதினார்: ஒரே எழுத்தரின் எழுத்துக்கூட்டல் காலப்போக்கில் படிப்படியாக மாறக்கூடும் என்பதும், அந்த மாற்றத்தை அவருடைய வெவ்வேறு படிகளில் வரிசையாகத் தொடர முடியும் என்பதுமே அவர் தரப்பின் சாரம். ஆகவே 'ஆவெரில்', 'அப்ரில்லெ' வேறுபாடு மட்டும் இரு கைகளைக் காட்டிவிடாது. எழுத்துக்கூட்டல் மூலப்படியிலிருந்தும் வரலாம், எழுத்தரின் பழக்கத்திலிருந்தும் வரலாம், நூலை ஆயத்தம் செய்தவர் விரும்பிய ஒழுங்கிலிருந்தும் வரலாம். எழுத்தின் வரிவடிவமோ பெரும்பாலும் கையிலிருந்தே வருகிறது.

இனி வடிவங்களுக்கு வருவோம். முதலில் எதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் அது. அக்காலத்து இலண்டன் எழுத்தர்கள் ஆங்கிலிக்கானா என்னும் எழுத்துவகையில் பயிற்சி பெற்றவர்கள். அந்த வகையில் 'ஏ' இரண்டு அறைகள் கொண்டதாக இருக்கும். மேலறை பக்கத்து எழுத்துகளைத் தாண்டி உயர்ந்து நிற்கும். 'ஜி' எட்டு என்னும் எண்ணைப் போல இருக்கும். 'ஆர்' கோட்டுக்குக் கீழே இறங்கும். 'டி' எழுத்தின் தண்டு மேலே சுழித்து இறங்கும். 'எஸ்' சொல்லின் முதலிலும் நடுவிலும் நெடியதாகவும், இறுதியில் சிறுநீரக வடிவிலும் வரும். இவை எல்லாம் எழுத்துவகையின் இலக்கணம். தனிமனிதரின் அடையாளம் அல்ல. 'இரண்டு சுவடியிலும் எட்டு வடிவ ஜி இருக்கிறது' என்பது இருவரும் ஒரே வகைப் பள்ளியில் படித்தார்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் செக்ரெட்டரி என்னும் வேறு எழுத்துவகை இங்கிலாந்துக்குள் வந்து, ஓர் அறை 'ஏ', குறுகிய 'ஆர்', கொம்பு வைத்த 'ஜி' ஆகியவற்றைக் கொண்டுவந்தது. ஓர் எழுத்தர் இவ்விரு வகைகளையும் எந்த அளவில் கலந்தார், சொல்லின் எந்த இடத்தில் எதைத் தேர்ந்தார் என்று கவனிக்கத் தொடங்கும்போதுதான் தனிமனிதர் மெல்ல வெளியே தெரிகிறார்.

அடுத்து எழுதுமுறை. முடிந்த வடிவத்தைவிட, அந்த வடிவம் எத்தனை இழுப்பில், எந்தத் திசையில், எந்த வரிசையில் உருவாயிற்று என்பது முக்கியம். எட்டு வடிவ 'ஜி' ஒன்றைப் படத்தில் இயன்றவரை பெரிதாக்கிப் பாருங்கள். இறகுப் பேனாவின் முனை அகலமாக வெட்டப்பட்டிருப்பதால், கீழ்நோக்கி இழுக்கும் கோடு தடித்தும், முனையின் விளிம்பால் பக்கவாட்டில் நகரும் கோடு மயிரிழையாகவும் விழும். ஓர் எழுத்தர் மேல்வயிற்றைத் தொடங்கிப் பேனாவை எடுக்காமலே கீழ்வயிறு வரை சுற்றி வருவார். அவருடைய எழுத்தின் இடுப்பில் கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டிச் செல்லும். மற்றொருவர் மேல்பாதியை முடித்துப் பேனாவைத் தூக்கி, கீழ்ச்சுழியைத் தனியாகச் சேர்ப்பார். சேர்ந்த இடத்தில் மை சற்றுத் திரண்டு, ஒரு சிறு முடிச்சுப் போலத் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. வேகம் கூடினாலும் குறைந்தாலும் எழுதுமுறை எளிதில் மாறுவதில்லை, ஏனெனில் அது கண்ணின் தேர்வு அல்ல, விரல்களின் நினைவு. எல்ஸ்மியரின் நிதானத்தையும் ஹெங்குர்டின் விரைவையும் தாண்டிப் பார்க்க உதவும் கருவி இதுதான்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்று கேட்டால், நான் தயங்காமல் 'டபிள்யூ' என்பேன். ஆங்கிலிக்கானாவில் அது மிகவும் சிக்கலான எழுத்து: வளைந்து தொடங்கும் இரண்டு நெடிய தண்டுகள், அவற்றின் வலப்புறம் மூன்று என்னும் எண்ணைப் போன்ற வளைவு. இழுப்புகள் கூடக் கூடத் தனிப்பழக்கம் புகும் இடங்களும் கூடுகின்றன. முதல் தண்டு இரண்டாவதைவிட உயர்ந்ததா, தண்டுகள் மேலே இணைகின்றனவா, வலப்புற வளைவு தண்டைத் தொட்டு முடிகிறதா, தொடாமலே நின்றுவிடுகிறதா என்று ஒரே எழுத்தில் நான்கைந்து கேள்விகள் கேட்கலாம். ஆங்கிலத்தில் இது அடிக்கடி வரும் எழுத்து என்பதும் ஒரு வசதி. அதற்கு அடுத்தபடியாக 'ஜி', 'ஒய்' எழுத்தின் வால், 'எச்' எழுத்தின் கால், சொல்லிறுதி 'எஸ்' ஆகியவற்றைப் பாருங்கள். 'ஐ', 'எம்', 'என்', 'யு' ஆகியவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவை எல்லாம் ஒரே குறுந்தண்டின் அடுக்குகளே. புள்ளியிடாத ஓலைச்சுவடியில் மெய்யையும் உயிர்மெய்யையும் இடம் நோக்கிப் பிரித்துப் படிப்பதுபோல, அந்தத் தண்டுகளையும் சொல்லை அறிந்தே பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை. இரு சுவடிகளின் தொடக்கத்திலும் முதல் எழுத்தாக ஒரு பெரிய 'டபிள்யூ' நிற்கிறது. அது வண்ணம் தீட்டும் கலைஞரின் வேலை, எழுத்தருடையது அல்ல. ஆகையால் அதை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் எழுதுமுறை எளிதில் மாறாது என்று சொல்லப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே கை தன் வாழ்நாளில் எவ்வளவு தூரம் மாற முடியும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஓர் அரிய சான்று இருப்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். 13ஆம் நூற்றாண்டில் வூஸ்டரில் வாழ்ந்த ஒருவர், அதற்குள் பலருக்கும் புரியாமல் போய்விட்டிருந்த பழைய ஆங்கிலச் சுவடிகளை எடுத்து, சொற்களுக்கு மேலும் ஓரங்களிலும் பெரும்பாலும் இலத்தீனிலும் சில இடங்களில் தம் காலத்து ஆங்கிலத்திலும் பொருள் எழுதி வைத்தார். ஏறத்தாழ 20 சுவடிகளில் சுமார் 50,000 குறிப்புகள் அவருடையவை. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கை நடுங்கிக்கொண்டே எழுதியதால் 'வூஸ்டரின் நடுங்கும் கை' என்றே அவரை அழைக்கிறார்கள். எழுத்துகள் இடப்புறம் சாய்ந்திருக்கும். நேராக இருக்க வேண்டிய தண்டு சிற்றலைபோல நெளியும்.

அவர் எழுதியவை அனைத்தும் ஒரே தோற்றத்தில் இல்லை. சில இடங்களில் நடுக்கம் மிக லேசாகவும், சில இடங்களில் கடுமையாகவும் இருக்கிறது. மையின் நிறமும் எழுத்தின் அளவும் வேறுபடுகின்றன. கிறிஸ்டீன் ஃபிரான்சன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குறிப்புகளைப் பல அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். அடுக்குக்கு அடுக்குத் தோற்றம் மாறினாலும் அவை எல்லாம் ஒருவரையே சேரும் என்று சொல்ல முடிந்தது, எழுத்தை உருவாக்கும் முறையும் பொருள் எழுதும் பழக்கமும் அடியில் தொடர்ந்து இருந்ததால்தான். 2015இல் ஒரு வரலாற்றாய்வாளரும் ஒரு நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து அந்த நெளிவுகளை ஆராய்ந்து, அது ஆங்கிலத்தில் 'எசென்ஷியல் ட்ரெமர்' என்று மருத்துவர்கள் அழைக்கும், வேறு நோய் காரணமாகத் தெரியாத நடுக்க நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கூறினர்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர், தம் கை தமக்கு அடங்காத நிலையிலும், மறைந்துகொண்டிருந்த ஒரு மொழியின் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக்கொண்டே இருந்தார் என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. நீங்கள் எல்ஸ்மியரின் பெரிய எழுத்தைக் கண்டு தயங்குவதால் இதை எழுதினேன். அளவு, சாய்வு, நெருக்கம் ஆகிய மூன்றும் சூழலோடு மாறுபவை. முதலில் கண்ணில் படுபவையும் அவையே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 'டபிள்யூ' எழுத்தை இரு சுவடிகளிலிருந்தும் வெட்டியெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தொடங்கினேன். முதலில் ஹெங்குர்டில் அழகாக இருந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். எல்ஸ்மியரோடு ஒத்திருந்தவையே எனக்கு அழகாகத் தோன்றியிருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு, ஒரு பக்கத்தில் வரும் எல்லா 'டபிள்யூ' எழுத்துகளையும் விடாமல் எடுக்கிறேன். தண்டுகளின் தொடக்கத்தைப் பார்க்கும்போது இரு சுவடிகளும் நான் எண்ணியதைவிட நெருங்கி வருகின்றன.

இன்னொரு கேள்வி. ஒரே கை என்று ஒப்புக்கொண்டாலும், அந்தக் கை ஆடம் பிங்க்ஹர்ஸ்டுடையது என்பதும் அதே உறுதியோடு நிற்கிறதா?

மறுமொழி 3

நிற்கவில்லை என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கையை அறிவதும் பெயரை அறிவதும் இரண்டு தனி வழக்குகள். ஒன்றின் வலிமையை மற்றொன்றுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

கையும் பெயரும் ஐயமறச் சேர்ந்த ஒருவரை முதலில் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில், சாசர் காலத்துக் கவிஞர் ஜான் கோவரின் 'கன்ஃபெஸ்ஸியோ அமான்டிஸ்' நூலின் ஒரு படி இருக்கிறது. ஐந்து எழுத்தர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு எழுதிய அந்த ஒரு சுவடியை வைத்துத்தான் டாயிலும் பார்க்ஸும் 1978இல் 'ஏ' முதல் 'இ' வரை அடையாளப் பெயர்கள் இட்டனர். அவர்களில் சில பக்கங்களே எழுதிய ஐந்தாமவர் கவிஞர் தாமஸ் ஹாக்லீவ். அதை எப்படி அறிந்தார்கள்? ஹாக்லீவ் அரச முத்திரை அலுவலகத்தில் பல்லாண்டுகள் எழுத்தராக வேலை பார்த்தவர். தம் அலுவலகத்துக்கான மாதிரி ஆவணத் தொகுப்பு ஒன்றைத் தம் கையாலேயே எழுதியவர். தம் கவிதைகளையும் தாமே படியெடுத்தவர். 1937இலேயே எச். சி. ஷுல்ஸ் என்பவர் அந்த அலுவலகத் தொகுப்பையும் கவிதைச் சுவடிகளையும் ஒப்பிட்டு, எல்லாம் அவர் கை என்று நிறுவியிருந்தார். வட்டமாகச் சுருண்டு வரும் அவருடைய 'டபிள்யூ' எழுத்தை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார். ஆக, பெயர் உறுதியான நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒருபுறம். ஐயத்துக்குரிய சில பக்கங்கள் மறுபுறம். ஒப்பீடு இப்படி அமைந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது.

பிங்க்ஹர்ஸ்ட் வழக்கில் நிலை தலைகீழாக இருக்கிறது. ஐயத்துக்குரிய பக்கங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெயர் உறுதியான எழுத்தோ மிகக் குறைவு. இலண்டன் ஆவண எழுத்தர் சங்கத்தில் சேர்ந்தவர்கள் அச்சங்கத்தின் பொதுப் பதிவேட்டில் தம் கையாலேயே உறுதிமொழி எழுதினர். 1392ஐ ஒட்டி ஆடம் பிங்க்ஹர்ஸ்ட் எழுதிய உறுதிமொழியும் அதில் இருக்கிறது. லின் மூனி 2004இல் அறிவித்து 2006இல் விரிவாக வெளியிட்ட ஒப்பீட்டின் நடுத்தூண் அந்தச் சிறிய பத்திதான். தம் தொழிலைச் சேர்ந்த மற்றவர்கள் பார்க்கப்போகும் ஏட்டில் ஒருவர் தம் திறமை முழுவதையும் காட்டி எழுதுவார். அந்த அலங்கார எழுத்தை நாள்தோறும் பாட்டுப் படியெடுக்கும் எழுத்தோடு ஒப்பிடும்போது, கண்ணைக் கவர்வது அலங்காரமாகவே இருக்கும். இரட்டைச் சாய்கோடும் புள்ளியும் போன்ற ஒப்பனைகளைத் தனிமனித அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமா, அல்லது அக்காலத்து ஆவண எழுத்தர் பலருக்கும் பொதுவான பழக்கம் என்று தள்ள வேண்டுமா என்பதுதான் பின்னர் எழுந்த விவாதம். ஜேன் ராபர்ட்ஸ் 2011இலும், லாரன்ஸ் வார்னர் 2018இலும் இந்தப் பெயர்சூட்டலைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

அந்தப் பெயர் பலருடைய மனத்தையும் உடனே பற்றிக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. சாசர் பெயரில் ஏழே வரிகளில் ஒரு பாட்டு வழங்குகிறது. அதில் கவிஞர் 'ஆடம்' என்னும் எழுத்தரைக் கடிந்துகொள்கிறார்: உன் அவசரத்தால் விளைந்த பிழைகளை நான் அல்லவா தேய்த்தும் சுரண்டியும் திருத்த வேண்டியிருக்கிறது என்பது அதன் கருத்து. தோல்தாளில் பிழை திருத்துவது என்றால் கத்தியால் மையைச் சுரண்டி எடுப்பதுதான். அந்த உழைப்பின் சலிப்பு பாட்டில் நன்றாகவே தெரிகிறது. 'ஆடம்' என்னும் பெயர் உறுதிமொழியிலும் கிடைத்தபோது, அது சான்றுபோலத் தோன்றியது இயல்பு. ஆனால் ஆடம் என்பது அந்நாளில் வழக்கத்தில் இருந்த பெயர்தான். பாட்டு நமக்குக் கிடைப்பதும் ஜான் ஷெர்லி என்பவர் பிற்காலத்தில் எடுத்த படியின் வழியாகத்தான். பெயர்ப் பொருத்தத்தை வடிவ ஒப்பீட்டின் தட்டில் வைத்தால், வடிவங்கள் தாமே சுமக்க முடியாத எடையை அவை சுமப்பதுபோலக் காட்டும்.

என் சொந்த நிலை இது: ஹெங்குர்ட், எல்ஸ்மியர், டிரினிட்டி சுவடியின் இரண்டாம் எழுத்தர் பகுதி ஆகிய மூன்றும் ஒரே கை என்பதை ஏற்கிறேன், ஏனெனில் நீண்ட பகுதிகளில், பல எழுத்துகளில், அலங்காரம் இல்லாத இடங்களில் ஒற்றுமை தொடர்கிறது. அவரைப் 'பி எழுத்தர்' என்றே எழுதுவேன். பிங்க்ஹர்ஸ்ட் என்பதை இன்னும் முடியாத விசாரணையாகவே வைத்துக்கொள்கிறேன்.

மறுமொழி 1 எழுதியவர்

ஒரு பக்கத்தில் உள்ள எல்லா எழுத்துகளையும் விடாமல் எடுக்க வேண்டும் என்று நீங்களே கண்டுகொண்டது மகிழ்ச்சி தருகிறது. நானும் தொடக்கத்தில் ஒத்துவரும் வடிவங்களை மட்டும் பொறுக்கி ஓர் அட்டவணை செய்தேன். அதைப் பார்த்த என் ஆசிரியர் ஒத்துவராதவற்றுக்கு ஏன் தனிப் பத்தி இல்லை என்று கேட்டார். அந்தப் பத்தியை நிரப்பத் தொடங்கியபோதுதான் வேலையே பிடிபட்டது.

அடுத்த படியாகச் சொல்லிறுதி 'எஸ்' எழுத்தையும் அதேபோல எடுங்கள். சிறுநீரக வடிவமும் வேறு வடிவமும் ஒரே பக்கத்தில் கலந்து வந்தால், ஒவ்வொன்றும் எத்தனை முறை, எந்த எழுத்துக்குப் பின் வருகிறது என்று எண்ணிக் குறியுங்கள். இரு சுவடிகளிலும் உள்ள ஒரே பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது. சொற்கள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், வேறுபாடு பாட்டிலிருந்து வந்தது அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். பொது முன்னுரையின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, சில ஏடுகள் தள்ளி, எழுத்தர் வேலையில் ஊன்றிவிட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் பக்கத்தில் எவரும் சற்றுக் கூடுதலாகக் கவனித்தே எழுதுவார்கள். உங்கள் எண்ணிக்கையைப் பத்தி பத்தியாக இங்கே இட்டால், ஒத்துவராத வடிவங்களை முதலில் வைத்துச் சேர்ந்து பார்க்கலாம்.